லினக்ஸ் சர்வரில் இணைப்பு சில நேரம் தாமதம், உதவி தேவை (அவசரம்)

மணல்மேடு:
எங்கள் வெப் சர்வரில் காலையிலிருந்து பிரச்சினை. சில நேரம் உடனே திறக்கிறது, சில நேரம் தொங்கி நிற்கிறது. பிங் நன்றாக இருக்கிறது. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது. யாராவது சொல்லுங்கள்.

கொன்றை:
எந்த லினக்ஸ், எந்த கெர்னல் (அதன் மையப் பகுதி)? எத்தனை விநாடி தொங்குகிறது? பிங் ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறையில் போகிறது நண்பரே, வெப் ஓடும் டிசிபி சரியாக இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

தூண்டில்காரன்:
டிஎன்எஸ்தான், பெயரை ஐபி முகவரியாக மாற்றும் இடம். பத்தில் ஒன்பது முறை டிஎன்எஸ்தான்.

பழைய_முனையம்:
இங்கே கேள்வி கேட்பதற்கு முன் அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். "தொங்குகிறது" என்பது அளவு அல்ல. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டத் தெரியுமா தம்பி?

மணல்மேடு:
மன்னிக்கவும். உபுண்டு 18.04, கெர்னல் 4.15, பைத்தான் ஆப்பை ஓட்டுவது ஜியூனிகார்ன். கர்ல் கட்டளை வைத்து ஐபி முகவரிக்கே அடித்துப் பார்த்தேன். இணையவே சில முறை 1 விநாடி, சில முறை 3 விநாடி. நடுவில் எதுவும் இல்லை.

கொன்றை:
இதைத்தான் கேட்டேன். ஐபிக்கே அடித்ததால் டிஎன்எஸ் இல்லை. இணைப்பைத் தொடங்கும் முதல் சின் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் லினக்ஸ் 1 விநாடி கழித்து மறுபடி அனுப்பும், அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் 2 விநாடி. அதனால்தான் 1, 3. எங்கோ சின் தொலைகிறது.

தூண்டில்காரன்:
அப்படியானால் டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள் என்ற கெர்னல் அமைப்பை 1 ஆக்குங்கள். எனக்கு அதில்தான் தீர்ந்தது.

கொன்றை:
தயவுசெய்து வேண்டாம். நேட்டுக்குப் பின்னால், அதாவது ஒரே ஐபியைப் பலர் பகிரும் இடத்தில், இருப்பவர்களின் இணைப்பை அதுவே தள்ளிவிடும். 4.12 கெர்னலிலேயே நீக்கிவிட்டார்கள், அவரிடம் இருப்பது 4.15. மணல்மேடு, சர்வரில் எஸ்எஸ் -எல்டிஎன் (லிசன் செய்யும் போர்ட்களைக் காட்டும் கட்டளை) கொடுத்து உங்கள் போர்ட் வரியைப் போடுங்கள்.

பழைய_முனையம்:
அதே வேலைக்கு நெட்ஸ்டாட் இருக்க எஸ்எஸ் எதற்கு? இருபது வருடமாக அதை வைத்தே பார்க்கிறேன்.

கொன்றை:
நெட்ஸ்டாட், கெர்னல் தரும் ப்ராக் கோப்பை வரிவரியாகப் படிக்கிறது. எஸ்எஸ், நெட்லிங்க் வழியாகக் கெர்னலையே கேட்கிறது. இணைப்பு ஆயிரக்கணக்கில் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

பழைய_முனையம்:
நெட்ஸ்டாட் -எஸ் கொடுத்தால் லிசன் க்யூ, அதாவது ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை, எத்தனை முறை வழிந்தது என்று ஒரே வரியில் வருகிறது. அதை மறந்துவிட்டு புதுசுதான் உசத்தி என்கிறீர்கள்.

கொன்றை:
அது சரிதான், அந்த எண்ணையும் பார்க்கட்டும்.

மணல்மேடு:
ரிசீவ்-க்யூ 129, சென்ட்-க்யூ 128. நெட்ஸ்டாட் எண் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறுகிறது.

கொன்றை:
வரிசை நிரம்பிவிட்டது, அதனால்தான் சின் தொலைகிறது. லிசன் சாக்கெட்டில் முதல் எண் காத்திருக்கும் இணைப்புகள், இரண்டாவது உச்சவரம்பு. ஜியூனிகார்ன் 2048 கேட்கும், ஆனால் உங்கள் கெர்னலில் இந்த வரிசைக்கான மேல்வரம்பு சோமேக்ஸ்கான் 128, அதற்கு மேல் தராது. கேட்டதை வெட்டிவிட்டோம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. அதை 4096 ஆக்குங்கள். 5.4 முதல் இயல்பே அதுதான்.

மணல்மேடு:
ஆக்கினேன். மாற்றமில்லை, இன்னும் 128தான்.

பழைய_முனையம்:
ஜியூனிகார்னை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கு. ரீலோட் போதாது, பழைய சாக்கெட்டே தொடரும்.

மணல்மேடு:
சரியாகிவிட்டது. நன்றி.

கொன்றை:
மகிழ்ச்சி. ஆனால் வரிசையைத்தான் நீளமாக்கியிருக்கிறோம். 129 பேர் காத்து நிற்கும் அளவுக்கு, கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒர்க்கர்கள் எதில் மாட்டியிருந்தார்கள்? டேட்டாபேஸிலா? ஒர்க்கர் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

கொன்றை:
மணல்மேடு?