வேப்: ஊதிவிடுவது ஆவியா, புகையா?

வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்காக மின்சிகரெட் (வேப்) பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். வேப்பை இழுத்துவிட்டு வாயிலிருந்து வெள்ளையாக விடுகிறார்களே, அதற்கு என்ன சொல்? கேட்டவர்கள் எல்லாம் 'ஆவி' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

கொதிக்கும் டீக்கெண்டியின் மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்கை ஒட்டி அரைவிரல் நீளத்துக்கு ஒன்றுமே தெரியாது. ஆவி அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடி நீரான பொடித்துளிகள். வேப்பிலும் இதே கதைதான். வேப் திரவத்தில் இருக்கும் இரண்டு பொருள்கள், 188 டிகிரியில் கொதிக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் 290 டிகிரியில் கொதிக்கும் கிளிசரினும் கம்பிச்சுருளின் சூட்டில் ஆவியாகி, சுருளைக் கடந்ததும் காற்றுப் பட்டுத் துளிகளாகிவிடுகின்றன. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னவை. வாய்க்குள் போகும்போதே அதில் பெரும்பகுதி ஆவி இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆவி பிடிப்பது நம் வீடுகளில் சளிக்கு வைத்தியம். நொச்சி இலை போட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து வளர்ந்த பையனிடம் 'மாம்பழ வாசனை ஆவி' என்றால் என்ன நினைப்பான்?

'மூச்சுத்திவலை' என்று போடலாமா?

---

மூச்சுத்திவலை வேண்டாம். கொரோனா காலத்தில் தும்மலில் தெறிப்பதை 'நீர்த்திவலை' என்று எழுதி எழுதித் தேய்த்துவிட்டோம். படிப்பவர் தொற்று என்று நினைத்துக்கொள்வார்.

'புகை' என்றே விட்டால் என்ன? கச்சேரி மேடையில் எந்திரம் வைத்து விடுவதும் இதே மாதிரி கிளைக்கால், கிளிசரின் சரக்குதான். அதைப் புகை என்றுதானே சொல்கிறோம்?

---

திவலையை விட்டுவிடுகிறேன். புகைக்கு மட்டும் இணங்க மாட்டேன்.

புகை எரிவதில் வருவது. சிகரெட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனாலும் நுனி புகைந்துகொண்டே இருக்கும். அறையில் சேர்வதில் பெரும்பங்கு அதுதான். வேப்பைக் கீழே வைத்தால் ஒன்றும் வராது. பக்கத்தில் இருப்பவர் மேல் படுவது ஒருவர் உள்ளே இழுத்துத் திருப்பி விட்டது மட்டுமே. இழுத்த துளிகளில் ஒரு பங்கு வாயிலும் நுரையீரலிலும் தங்கிவிடும். மூச்சை அடக்க அடக்க வெளியே வருவது குறையும். மிச்சம் உள்ளிருக்கும் ஈரத்தைக் குடித்துச் சற்றே பருத்து வந்து, வெளிக்காற்றில் சீக்கிரமே உலர்ந்து கண்ணுக்கு மறைந்துவிடும். நிகோட்டின் கலந்த சரக்கென்றால், மேகம் கலைந்த பிறகும் கொஞ்சம் அந்த அறைக்காற்றில் இருக்கும். கிளிசரின் கூடினால் மேகம் தடிக்கும். பையன்கள் வளையம் விட்டுக் காட்டுவது அந்தத் துணிச்சலில்தான்.

இந்தியாவில் இவற்றைத் தடை செய்த 2019 சட்டமும் தன் விளக்கத்தில் ஏரோசால், அதாவது காற்றில் மிதக்கும் பொடித்துளிகள், என்கிறது. சட்டம் எழுதியவர்களே ஆவியையும் புகையையும் தொடவில்லை.

அப்புறம், 'துவலை' என்று ஒரு பழைய சொல் இருக்கிறதே. தூவும் சிறுதுளி. ஏரோசாலுக்கு 'நுண்துவலை', வெளியே விடுவதற்கு 'விடுதுவலை'. சரிப்படுமா?

---

துவலை அருமை. 'விடு' சப்பென்று இருக்கிறது. "நாளைக்குப் பத்து ஊதுவான்" என்றால் எதை ஊதுவான் என்று யாரும் கேட்பதில்லை. ஊதுதுவலை!

---

நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'ஊதுவலை' ஆகிவிடுகிறது. மீன் பிடிக்கப் போகிற மாதிரி.

---

அட, ஆமாம். 'ஊதல் துவலை'?

---

அதுவும் ஊதற்காற்றில் நனைந்த மாதிரி இருக்கிறது. துண்டறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது. 'விடுதுவலை' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'வேப் புகை' என்று அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன். ஆசிரியர் எப்படியும் அதைத்தான் கேட்பார்.