மைலேஜ் கூட்டுவதாக விற்கப்படும் காற்றுவழிக் கருவிகள்: பைக்கில் பொருத்தலாமா?

கேள்வி – பல்லடம் சாலை

வணக்கம். என்னிடம் 2014-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை என்பதால், பல்லடத்திலிருந்து தினமும் அதில்தான் போய்வருகிறேன். லிட்டருக்கு 62 கிலோமீட்டர் வரை கொடுத்த வண்டி, கடந்த ஓராண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது 51-இல் வந்து நிற்கிறது. பிக்கப்பும் மந்தமாகிவிட்டது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியருக்கு இறக்க வேண்டியிருக்கிறது.

உதிரிபாகக் கடையில் கேட்டபோது இரண்டு பொருள்களை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, விசிறி இதழ்களைப் போல வளைத்த வட்டத் தகடு. ஏர் ஃபில்டருக்கும், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில் அதைச் சொருகிவிட்டால், காற்று சுழன்று சென்று பெட்ரோலுடன் நன்றாகக் கலக்கும் என்றும் மைலேஜ் 10 கிலோமீட்டர் கூடும் என்றும் சொன்னார்கள். விலை 450 ரூபாய். மற்றொன்று, ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டு நேரடியாக மாட்டும் கோன் ஃபில்டர், 1,200 ரூபாய். தகட்டைப் போட்ட பிறகு 50-லிருந்து 60 ஆகிவிட்டது என்று என் பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். பொய் சொல்லக்கூடியவர் அல்லர். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – பட்டறை வாத்தியார்

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இரண்டையும் வாங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, காரணத்துக்கு வருகிறேன்.

உங்கள் எஞ்சின் 97.2 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கிறது. ஆகவே 5,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்றில்), ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டாலும், நிமிடத்துக்கு 243 லிட்டர் காற்றுக்கு மேல் அதனால் உள்வாங்க முடியாது. வண்டியோடு வரும் ஃபில்டரும் பெட்டியும் இந்த அளவைக் கணக்கில் கொண்டுதான் வடிவமைக்கப்படுகின்றன. அதிலும், 45 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை நீங்கள் முழுதாகத் திருகுவதில்லை. கார்புரேட்டரில் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு பாதிக்கும் கீழே இறங்கி, காற்றை வேண்டுமென்றே தடுத்துக்கொண்டிருக்கிறது. குழாயைப் பாதி மூடிவைத்துவிட்டு, தொட்டியிலிருந்து வரும் பைப்பை அகலமாக்கினால் தண்ணீர் கூடுதலாக வராது அல்லவா? காற்றுவழியை அகலப்படுத்தும் எந்தக் கருவியும் சாதாரண ஓட்டத்தில் மைலேஜைத் தொடாததற்கு இதுவே காரணம்.

சுழல் தகட்டின் கதை இதைவிடப் பரிதாபமானது. அது கிளப்பும் சுழற்சி கார்புரேட்டருக்கு முன்னாலேயே தொடங்குகிறது. அங்கிருந்து ஸ்லைடின் அடியில் நெருங்கி, வெஞ்சுரி என்னும் குறுகிய தொண்டையில் வேகம் பிடித்து, எஞ்சினுக்குப் போகும் மேனிஃபோல்டு குழாயில் வளைந்து, வால்வின் ஓரத்து மெல்லிய இடுக்கில் பிதுங்கித்தான் காற்று சிலிண்டருக்குள் நுழைய வேண்டும். அத்தனையையும் கடந்து அந்தச் சுழற்சி உயிரோடு போய்ச் சேராது. சிலிண்டருக்குள் உண்மையில் நிகழும் சுழற்சியை சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் உள்வழித் துளையின் வளைவும் வால்வும் தீர்மானிக்கின்றன. தகடு மிச்சம் வைப்பது காற்றுவழியில் ஒரு தடையை மட்டுமே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை 1970-கள் தொடங்கி ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூட்டும் ஒன்றைக்கூட அது கண்டதில்லை.

அப்படியானால் உங்கள் 11 கிலோமீட்டர் எங்கே போயிற்று? நீங்கள் வேலை செய்யும் இடத்தைச் சொன்னதுமே எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் அதைப்போல ஏறக்குறைய 14.7 மடங்கு காற்று வேண்டும். கொள்ளளவில் சொன்னால் 9,000 லிட்டர் காற்று. ஒவ்வொரு லிட்டருக்கும் திருப்பூர்க் காற்று இத்தனையும் உங்கள் ஃபில்டர் வழியாகப் போகிறது, பஞ்சுத் தூசியோடு. அடைத்துக்கொண்ட ஃபில்டரால் காற்று குறைய, கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் விகிதம் கூடிவிடும். ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நுனி பிஸ்கட் நிறத்தில் இல்லாமல் கரி பூசியது போலிருந்தால் என் ஊகம் சரி. ஃபில்டர் எண்ணெய்ப் பசை தடவிய காகித வகையாக இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: தகட்டைப் பொருத்திய அன்று வேறு என்னென்ன வேலை நடந்தது?

மறுமொழி – மழைக்காலப் பயணி

கோன் ஃபில்டரைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். கார்புரேட்டர் வைத்த 150 சி.சி. வண்டியில் அதை மாட்டி ஐந்து மாதம் ஓட்டினேன். முதல் நாள் வண்டி பறப்பதாகவே தோன்றியது. பெட்டி இல்லாததால் காற்றை இழுக்கும் உறுமல் தொடையருகே கேட்கிறது. அந்தச் சத்தத்தை நாம் வேகம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு நண்பரை நிற்கவைத்து, ஒரே சாலையில் ஒரே இரண்டு மைல்கற்களுக்கு இடையே கைக்கடிகாரத்தில் பலமுறை நேரம் எடுத்த பிறகுதான், பழைய ஃபில்டருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது.

இரண்டாம் மாதத்தில் நடு ஆர்.பி.எம்.மில் மிஸ்ஸிங் தொடங்கியது. எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடானது. பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெள்ளைவெளேரென்று இருந்தது. காற்று கூடி, பெட்ரோல் போதாமல் போயிருந்தது. மெக்கானிக் பெரிய மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டுச் சரிசெய்தார். அதாவது, மைலேஜுக்காக மாட்டிய பொருளை ஒழுங்காக ஓடவைப்பதற்குக் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டியதாயிற்று! லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குறைந்தது. ஐப்பசி மழையில் ஃபில்டர் நனைந்து, பாலத்தின் நடுவில் வண்டி அணைந்து நின்ற அன்று இரவே பழைய பெட்டியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டேன்.

மறுமொழி – இரு ஸ்ட்ரோக் ரசிகன்

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியுமா? வேகத்தில் எதிர்வரும் காற்றையே அழுத்தமாக உள்ளே செலுத்தும் ராம் ஏர் முறையை 1990-இல் கவாசாகி தன் இசட்.இசட்.ஆர். 1100-இல் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே, 1980-களில், யமஹாவின் சில இரு ஸ்ட்ரோக் வண்டிகளில் கார்புரேட்டருக்கும், உள்நோக்கி மட்டும் திறக்கும் ரீட் வால்வுக்கும் நடுவே ஒரு சிறு புட்டியை இணைத்திருந்தார்கள். வால்வு மூடும்போது முட்டித் திரும்பும் கலவை அந்தப் புட்டிக்குள் ஒதுங்கி, அடுத்த முறை திறக்கும்போது வெளியே வரும். இவையெல்லாம் ஏமாற்று அல்லவே? இன்னொன்று, பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த என்னுடைய 2021 வண்டியில், கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. ஜெட் மாற்றும் தொல்லையே இல்லாமல் கம்ப்யூட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளும்போது, நல்ல ஃபில்டர் போடுவதில் என்ன தவறு?

மறுமொழி – பட்டறை வாத்தியார்

நல்ல கேள்வி, மன்னிப்பெல்லாம் எதற்கு. நீங்கள் சொன்ன இரண்டும் உண்மையானவை. ஆனால் அவை எஞ்சினோடு சேர்த்துக் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. யமஹாவின் புட்டியில் அதன் கொள்ளளவும் குழாயின் நீளமும் அந்த எஞ்சினுக்கென்றே பொருத்தப்பட்டவை. பயனும் கீழ், நடு ஆர்.பி.எம்.மில்தான். சந்தையில் கிடைக்கும் ஏதோ ஒரு புட்டியை நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் மாட்டினால் அது அலங்காரம்.

ராம் ஏருக்குக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்; வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 300 கிலோமீட்டரில் அது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 4 சதவீதம். பந்தய வண்டிக்கு அது பெரிய லாபம். 100 கிலோமீட்டரில் அரை சதவீதத்தையும் எட்டாது. கேள்வி கேட்டவர் பல்லடம் சாலையில் 60-இல் போனால் 0.2 சதவீதம்கூட வராது. பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் ஒட்டுவதற்கு விற்கும் பிளாஸ்டிக் காற்றுவாய்களைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பி.எஸ். 6 வண்டியில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார், கலவை எப்படி இருக்கிறது என்று ஓயாமல் எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். காற்று கூடினால் அது பெட்ரோலையும் கூட்டிவிடும். ஆகவே மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் இன்ஜெக்ஷன் வைத்த கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்தபோது, முடுக்கம் மந்தமானதே தவிர மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. அடைத்துக்கொண்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்காத எஞ்சினில், கூடுதலாகத் திறந்த ஃபில்டர் எதைக் கூட்டப்போகிறது? கழுவிப் பயன்படுத்தும் நல்ல தரமான ஃபில்டரை, அதே பெட்டிக்குள், மீண்டும் மீண்டும் வாங்கும் செலவைக் குறைப்பதற்காகப் போடுவதென்றால் எனக்கு மறுப்பில்லை.

மறுமொழி – பல்லடம் சாலை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஃபில்டர் என்று நான் நினைத்திருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை இருந்தது. மடிப்புகளுக்கு நடுவே விரல்நகத்தால் சுரண்டியபோது பஞ்சு திரிதிரியாகக் கையோடு வந்தது. பிளக் ஐயா சொன்னபடியே கரிக்கட்டையாக இருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டேன், செலவு தகட்டின் விலையைவிடக் குறைவு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, தகட்டைப் போட்ட அன்றே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரையும் மாற்றியதாகச் சாதாரணமாகச் சொன்னார். தகடுதான் காரணம் என்பதில் மட்டும் இன்னமும் உறுதியாக இருக்கிறார், நான் வாதாடவில்லை.

இந்த வாரம் மூன்று லிட்டருக்குக் கணக்கெடுத்ததில் 58 வருகிறது. மேம்பாலத்தில் கியர் இறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நடு ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் நின்றுவிடுகிறது. இது இயல்புதானா?

மறுமொழி – பட்டறை வாத்தியார்

இயல்பன்று. சக்கரம் சுற்றும்போது உரசும் சத்தம் கேட்டால் பின் பிரேக் இறுக்கமாக இருக்கிறது. கம்பியின் முனையிலுள்ள நட்டை அரைச் சுற்றாகத் தளர்த்தித் தளர்த்திப் பாருங்கள், மிதியில் பிடிமானம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் இல்லாவிட்டால் செயினின் இறுக்கத்தைப் பாருங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன்பு சரிபார்த்துவிட்டு மறுபடியும் மூன்று லிட்டர் ஓட்டி எழுதுங்கள்.