திட்டுகளின் இனவளம்: குலைவு மட்டும் போதுமா, வருகையும் வேண்டுமா?

அலையோரம்:
நடுத்தர அளவிலான குலைவே (உயிர்கள் பிடித்திருந்த இடத்தை அலை, மரவீழ்ச்சி போன்றவை காலியாக்குவது) இனவளத்தை, அதாவது ஓரிடத்தில் வாழும் இனங்களின் எண்ணிக்கையை, கூட்டுகிறது என்று 1978-இல் சூழலியலாளர் ஜோசப் கானெல் முன்வைத்த கருதுகோளைச் சிலர் காலாவதியானதாகத் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கலிபோர்னியக் கடற்கரைக் கற்களை ஆராய்ந்து வேய்ன் சௌசா 1979-இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள்: அலை அடிக்கடி புரட்டும் சிறு கற்களில் பச்சைப்பாசியும் பார்னக்கிள் என்னும் சிறு ஓட்டுயிரிகளுமே ஒட்டியிருந்தன, அரிதாகவே புரளும் பெருங்கற்களைப் பெரும்பாலும் ஒரே செம்பாசி மூடியிருந்தது, இடைப்பட்ட கற்களில்தான் இனங்கள் மிகுந்திருந்தன. சிறு கற்களை அசையாமல் நிறுத்திப் பார்த்து, காரணம் கல்லின் அளவன்று, புரட்டலே என்றும் அவர் காட்டினார்.

விதைப்பை:
அந்த ஆய்வில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடல்நீரே பாசி வித்துகளைக் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில், காலியான இடத்துக்கு யார் வருவார் என்ற கேள்வி பெரிதாக எழுவதில்லை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் மரம் விழுந்து உண்டான 1,200-க்கும் மேற்பட்ட வெளிகளை 13 ஆண்டுக்காலப் பதிவுகளைக் கொண்டு ஸ்டீபன் ஹப்பல் குழுவினர் ஆராய்ந்தபோது (1999), வெளிகளில் கன்றுகள் அடர்ந்திருந்தனவே தவிர, கன்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளந்த இனவளம் நிழற்காட்டில் இருந்த அளவேதான். உரிய விதை வந்து விழாத வெளியில், ஏற்கெனவே கிடப்பதுதான் முளைக்கும்.

அலையோரம்:
அப்படியானால் ஒரு திட்டிலிருந்து (தனித்த சிறு வாழிடத்திலிருந்து) மற்றொன்றுக்கு இனங்களின் பரவல் கூடக்கூட இனவளமும் கூடிக்கொண்டே போகுமா? சூழலியலாளர்கள் மூகேயும் லோரோவும் 2003-இல் அளித்த கணித மாதிரியில், பரவல் ஓரளவைத் தாண்டியதும், வட்டாரம் முழுவதற்கும் மொத்தத்தில் பொருந்திய இனம் எல்லாத் திட்டுகளிலும் புகுந்து மற்றவற்றை வெளியேற்றிவிடுகிறது. அதைத் தடுக்கக் குலைவு வேண்டாமா?

விதைப்பை:
அந்த மாதிரியில் குலைவே இல்லை, ஐயா. அங்கே இனங்களைக் காப்பது திட்டுக்குத் திட்டு சூழல் வேறுபடுவதுதான். வருகையின் வேகத்தை அறியாமல் எவ்வளவு குலைவு நடுத்தரம் என்று சொல்ல முடியாது என்பதே என் வாதம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் போஸ்டெல்சியா என்னும் பழுப்புப்பாசிக்கு, மட்டிப் படுகையை அலை பிய்த்தெறிந்த வெறும்பாறை வேண்டும். அதன் வித்துகளோ, கடல் வற்றியிருக்கும் வேளையில் மடல்களின் பள்ளங்கள் வழியே சொட்டி, பெரும்பாலும் தாயிலிருந்து சில மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன. ஒரே அளவு பிய்க்கப்படும் இரு பாறைகளில், அருகில் தாய்ப்பாசி இல்லாத பாறை மீண்டும் மட்டிக்கே போகும்.

அலையோரம்:
எடுத்துக்காட்டு நன்று. எனினும், இனவளத்தின் உச்சம் தெரிந்தால் குலைவு நடுத்தரம் என்றும் தெரியாவிட்டால் வருகை போதவில்லை என்றும் சொல்ல இடம் தரும் கருத்தை எப்படிப் பொய்ப்பிப்பது?

விதைப்பை:
ஒரே மாதிரியான திட்டுகளில் குலைவைப் பல படிகளாக வைத்து, ஒவ்வொரு படியிலும் பாதித் திட்டுகளில் மட்டும் விதை தூவுங்கள். வருகை மிகுந்தால் கூடுதல் குலைவையும் இனங்கள் ஈடுகட்ட வேண்டும்; எனவே தூவிய திட்டுகளில் இனவளத்தின் உச்சம் கூடுதல் குலைவை நோக்கி நகராவிட்டால் என் கருத்து பொய்.

அலையோரம்:
தூவும் கலவையில் வலிய போட்டியாளரும் இருந்தால், அது விரைவில் திட்டை நிரப்புவதாலேயே உச்சம் அப்படி நகரக்கூடும். அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் தனித்தனியே தூவினால் ஒப்புக்கொள்கிறேன்.