வோல்டேஜும் ஆம்பியரும் அளந்து கணக்கு போட்ட அனுபவம் இருந்தா பகிருங்க

நானே ஆரம்பிக்கிறேன். மதுரைப் பக்கம் வயரிங் வேலை பாக்குறேன். ஒரு பழைய வீட்ல கீசர் பிளக் அடிக்கடி கருகுதுன்னு கூப்பிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் யாரோ வந்து பிளக் டாப்ப மட்டும் மாத்திட்டு போயிருக்காங்க, வீட்டுக்காரம்மா கீசர்தான் கரண்ட்ட ஜாஸ்தியா இழுக்குதுன்னு முடிவே பண்ணிட்டாங்க, புதுசு வாங்கிரவா தம்பினு கேட்டாங்க. இருங்கம்மா, அளந்து பாத்துட்டு சொல்றேன்னேன்.

கீசர் மேல போட்டிருந்தது 230 வோல்ட், 2000 வாட். வோல்டேஜ அதாலயே பெருக்கி வாட்டால வகுத்தா ஓம், அதாவது ரெசிஸ்டன்ஸ், வந்துரும், அப்படி பாத்தா காயில் 26.45 ஓம் இருக்கணும். கீசர ஓடவிட்டு, கம்பிய சுத்திப் பிடிச்சு கரண்ட்ட அளக்குற கிளாம்ப் மீட்டர் போட்டா 8.2 ஆம்பியர், கீசர் டெர்மினல்லயே வோல்டேஜ் பாத்தா 218. 218ஐ 8.2ஆல வகுங்க, 26.6 ஓம். காயில் நல்லா இருக்கு, கீசர் மேல எந்தத் தப்பும் இல்ல.

ஆனா அதே நேரத்துல டிபில, அதாவது வீடு முழுக்க கரண்ட்ட பிரிச்சு விடுற பெட்டியில, 230 வோல்ட் நிக்குது. அப்ப வழியில 12 வோல்ட் எங்கயோ போகுது. 12 வோல்ட்தானேன்னு விடக்கூடாதுங்க, அத 8.2 ஆம்பியரால பெருக்குங்க, 98 வாட். இந்த 98 வாட்டும் வயர்லயும் பிளக்லயும் சூடா மாறிக்கிட்டு இருக்கு. டிபில இருந்து 20 மீட்டர், போட்டிருந்தது ஒரு ஸ்கொயர் எம்எம் காப்பர், கிலோமீட்டருக்கு 18 ஓம் கணக்கு, போக வர 40 மீட்டருக்கு 0.72 ஓம், அதுல சுமாரா 6 வோல்ட் போயிரும். மிச்சம் 6 வோல்ட் சாக்கெட்டோட லூஸ் கான்டாக்ட்ல, அதாவது 50 வாட்! நாம போர்டுல ஈயம் பத்த வைக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் ரெண்ட சாக்கெட்டுக்குள்ள சொருகி வச்ச மாதிரி. கருகாம என்ன செய்யும்?

எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது அடுத்ததுதான். எம்சிபி, அதாவது கரண்ட் ஜாஸ்தியா போனா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச், ஏன் விழலனு வீட்டுக்காரர் கேட்டார். லூஸ் கான்டாக்ட் இருந்தா ரெசிஸ்டன்ஸ் கூடும், கரண்ட் குறையும். 8.7 ஆம்பியர் எடுக்க வேண்டிய கீசர் 8.2தான் எடுக்குது. எம்சிபிக்கு தெரிஞ்சதெல்லாம் ஆம்பியர் மட்டும்தான், அது பாட்டுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு உக்காந்திருக்கும், அந்தப் பக்கம் பிளாஸ்டிக் உருகிட்டு இருக்கும். அதனால எம்சிபி விழல, பயமில்லனு யாரும் தயவுசெஞ்சு நினைக்காதீங்க, பிளக் தொட்டா சுடுதுன்னா அன்னைக்கே ஆள கூப்பிடுங்க. 2.5 ஸ்கொயர் எம்எம் இழுத்து புது 16 ஆம்பியர் சாக்கெட் போட்டேன், இப்ப கீசர்ல 227 வோல்ட், 8.6 ஆம்பியர், பிளக் சூடே இல்ல.

*

அண்ணா சூப்பரா சொன்னீங்க. நான் பிளஸ் டூக்கு பிசிக்ஸ் எடுக்குறேன், வருஷா வருஷம் ஒரு பையனாவது இத கேப்பான்: மிஸ், 100 வாட் குண்டு பல்ப மல்டிமீட்டர்ல வச்சா 40 ஓம்தான் காட்டுது, கணக்கு போட்டா 1300 வாட்டுக்கு மேல வருதேன்னு. அவன் கணக்கு சரிதான், அளந்த நேரம்தான் வேற. மல்டிமீட்டர்ல வைக்கும்போது டங்ஸ்டன் இழை குளிர்ந்து கிடக்கு. எரியும்போது 2000 டிகிரிக்கு மேல போயிரும், அப்ப 0.43 ஆம்பியர்தான், 230ஐ அதால வகுத்தா 530 ஓம் கிட்ட நிக்கும். வெப்பநிலை மாறாத வரைக்கும்னு புத்தகத்துல ஓம் விதிக்கு முன்னாடி ஒரு வரி இருக்குல்ல, அத மனப்பாடம் பண்ணி தாண்டிப் போயிடுவாங்க. ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில கொலோன்ல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தப்போதான் இந்த ஆராய்ச்சியெல்லாம் செஞ்சார், அன்னைக்கு இருந்த பேட்டரி நிலையா நிக்கலனு, ரெண்டு வேற உலோகத்த சேத்து சூட்டு வித்தியாசத்துல மின்சாரம் தர்ற தெர்மோகப்பிளோட ஒரு முனைய கொதிக்கிற தண்ணியிலயும் இன்னொண்ண ஐஸ்லயும் வச்சு மின்னழுத்தத்த ஆடாம வச்சுக்கிட்டார், 1827ல புத்தகமா போட்டார். அளக்கும்போது எது மாறுது, எது மாறலனு அந்த மனுஷன் அவ்வளவு கவனிச்சிருக்கார். எங்க பிள்ளைங்களுக்கு இத சொல்லாம நான் பிராக்டிகல் ஆரம்பிக்கிறதே இல்ல.

*

எங்க தோட்டத்துல மோட்டார் கதை வேற மாதிரிங்க. சிங்கிள் பேஸ் ஒரு எச்பி, வைண்டிங் அளந்தா நாலஞ்சு ஓம்தான், 230ஐ வகுத்தா 46 ஆம்பியர் கிட்ட வருது, ஆனா ஓடும்போது ஏழுதான் எடுக்குது. சுத்த ஆரம்பிச்சதும் மோட்டாரே எதிர் வோல்டேஜ் உண்டாக்குதுன்னு வைண்டிங் கட்டுற அண்ணன் விளக்கினார். வோல்டேஜ ஆம்பியரால பெருக்குனா வர்றதும் முழு வாட் இல்லீங்க, பவர் பேக்டராலயும், அதாவது அதுல எவ்வளவு பங்கு உண்மையான வாட்டுங்கிற எண்ணாலயும், பெருக்கணும். இன்னொண்ணு, லோ வோல்டேஜ்ல ஹீட்டர் கம்மியா இழுக்கும், மோட்டார் ஜாஸ்தியா இழுக்கும். ஏழு ஆம்பியர் ஒம்போது ஆச்சுன்னா வைண்டிங் சூடு ஒண்ணரை மடங்குக்கும் மேல, ஏன்னா சூடு ஆம்பியரோட வர்க்கத்துல ஏறுது. ராத்திரி 180 வோல்ட்ல தண்ணி பாச்சுறவங்க இத யோசிங்க.

*

எனக்கு ஒரு டவுட் அண்ணே, எக்ஸ்டென்ஷன் வயர்ல கிளாம்ப் போட்டா ஜீரோதான் காட்டுது, மீட்டர் போயிருச்சா?

*

மீட்டர் நல்லாத்தான் இருக்கும் தம்பி. ரெண்டு கம்பியையும் சேத்துப் பிடிச்சா போற கரண்ட்டும் வர்ற கரண்ட்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சிரும். டிபியில பேஸ் வயர் மட்டும் தனியா வர்ற இடத்துல போடணும். ஆனா மூடியத் திறந்து பழக்கம் இல்லேன்னா நீங்க கை வைக்காதீங்க, எலக்ட்ரீசியன வச்சே அளந்துக்கோங்க.