1941 ரங்கூன் விடுதி நாடகம்: இரண்டு மாணவர்களின் போட்டியை எப்படிக் காட்டுவது?

கேள்வி (யாங்கோன்): தமிழ்ச் சங்க விழாவுக்கு நாடகம். முதல் ரேங்க்குக்கு முட்டிக்கொள்ளும் இரண்டு விடுதிப் பையன்கள், ஜப்பான் விமானத் தாக்குதல் நேரம். பதுங்குகுழி, சங்கொலி எல்லாம் சரியாக வர வேண்டும். உதவுங்கள்.

பதில் 1: முதல் குண்டுவீச்சு 1941 டிசம்பர் 23, பகலில். இரவுக் காட்சியாக வைத்துவிடாதீர்கள். ஏறி இறங்கும் சங்கு ஆபத்து, ஒரே சீராக ஊதினால் விலகிவிட்டது. அன்று பலர் பதுங்காமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அதனால்தான் சாவு அவ்வளவு. பந்தயம் கட்டிக்கொண்டு வெளியே நிற்கும் பையனை அங்கே வையுங்கள்.

பதில் 2: குழி நேர்க்கோட்டில் வேண்டாம், வளைத்து வளைத்துத்தான் வெட்டுவார்கள். ஒரு மடிப்பில் குண்டு விழுந்தால் அதிர்ச்சி அடுத்த மடிப்புக்குப் போகாது. ஆழம் நாலரை அடி, அகலம் இரண்டு அடி போதும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்தால் சரிந்து உள்ளே விழும்; ஒன்றரை அடியாவது தள்ளிக் கொட்டணும்.

பதில் 3: போட்டிக்கு என் யோசனை தீயணைக்கும் கைப்பம்பு. வாளிக்குள் நிறுத்தி, வெளியே இருக்கும் மிதியைக் காலால் அழுத்திக்கொண்டு ஒருவன் அடிக்கணும். இன்னொருவன் குழாய் முனையோடு குப்புறப் படுத்து நெருப்பை நெருங்கணும். பின்னால் அடிப்பவன் கை ஓய்ந்தால் முன்னால் இருப்பவனுக்குத் தண்ணீர் நின்றுவிடும். பேசாத இரண்டு பேரை இதில் மாட்டிவிட்டால் வசனமே தேவையில்லை! வாளித் தண்ணீரை மட்டும் எரிகுண்டு மேல் அப்படியே கொட்டவிடாதீர்கள். அதில் எரியும் மக்னீசியம் சீறித் தெறிக்கும். அதன் மேல் போடுவது மணல்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணே. பம்பு அடிக்கப்போவது இரண்டாம் ரேங்க் பையன்.