பகிர்ந்த பிறகுதான் தெரிந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மழைக்காகம்:
முதலில் என் கதை. விடாமல் மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஓர் இரவு. மூழ்கிய நெடுஞ்சாலையில், காருக்குப் பக்கத்திலேயே ஒரு சுறா நீந்துகிற படம் வந்தது. பார்த்தேன், சிலிர்த்தேன், குடும்பக் குழுவில் தட்டிவிட்டேன். மொத்தம் நான்கு விநாடி ஆகியிருக்கும்.

அக்கா மகன் தனியாக அழைத்தான். "மாமா, இந்தச் சுறா நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடியிருந்தே நீந்திட்டிருக்கு." அப்புறம் விளக்கினான். அது 2005-இல் வெளியான ஒரு புகைப்படத்திலிருந்து வெட்டி எடுத்த சுறா. தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரு சிறு படகின் பின்னால் வந்தது. அதை யாரோ வெள்ளச் சாலையில் ஒட்டிவிட்டார்கள். 2011-இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுத்ததாகச் சுற்றியது. 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது அதே சுறா ஹியூஸ்டனுக்கு வந்துவிட்டது.

குழுவில் "படம் போலி, மன்னிக்கவும்" என்று எழுதினேன். படத்துக்கு வந்தது வரிசையாக வாய்பிளந்த முகங்கள். திருத்தத்துக்கு வந்தது ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் அக்கா மகனுடையது. இரண்டு மாதம் கழித்து சித்தி அதே படத்தை எனக்கே அனுப்பி, "பாத்தியா?" என்று கேட்டார். நான் அனுப்பியதுதான் எங்கெங்கோ சுற்றித் திரும்பியதோ என்னவோ.

இதில் ஒரு கூத்து. 2022-இல் இயன் புயலின்போது ஃபுளோரிடாவில், வெள்ளம் சூழ்ந்த ஒரு வீட்டருகே சுறா போன்ற பெரிய மீன் துள்ளுகிற வீடியோ வந்தது. பலர் "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று சிரித்தார்கள். அந்த வீடியோ நிஜமாகவே அங்கே எடுத்தது.

எட்டாம்நம்பர்:
உங்கள் சித்தியும் என் பெரியப்பாவும் ஒரே வகுப்பில் படித்திருப்பார்கள் போல. ஆனால் சித்தியை மட்டும் குறை சொல்லாதீர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, 2018-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். உண்மையைவிடப் பொய்யை மறுபகிர்வு செய்யும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகமாக இருந்தது. தானியங்கிக் கணக்குகளின் வேலை என்று நான் நினைத்தேன். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் முடிவு மாறவில்லையாம். எல்லாம் நம் விரல்தான்.

இரவுப்பணி:
ஒரு செய்தித் தளத்தில் ஆறு வருடம் இரவு வேலை பார்த்தேன். சுவரில் ஒரு பெரிய திரை இருக்கும். எந்தச் செய்தியை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்கள் ஏறி இறங்கும். ஆசிரியர் பேச்சைவிட அந்தத் திரையின் பேச்சைத்தான் நாங்கள் அதிகம் கேட்டோம்.

ஓர் இரவு, மூத்த கலைஞர் ஒருவர் காலமானதாக ஒரு பதிவு. பத்து நிமிடத்தில் எங்கே பார்த்தாலும் மெழுகுவத்தி, கூப்பிய கைகள். இத்தனை பேர் சொல்கிறார்களே என்று நாங்களும் போட்டோம். அந்த இத்தனை பேரும் ஒரே பதிவைப் பார்த்து எழுதியவர்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. "தம்பி, நான்தான் பேசறேன்." பெயர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் யாருக்குத் தெரியாது! திட்டுவார் என்று நினைத்தேன். "பேரன் வெளியூர்ல இருக்கான், அவன் பாக்கறதுக்குள்ள எடுத்துடுங்க" என்றார், அவ்வளவுதான்.

எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் எங்கள் சின்னத்தோடு ஸ்கிரீன்ஷாட் கிளம்பிவிட்டது. "இவங்களே போட்டுட்டாங்க, அப்ப நிஜம்தான்" என்று எங்களையே சாட்சியாகக் காட்டினார்கள்.

2013 ஏப்ரல் 23 அன்று ஏ.பி. என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைத் திருடியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து ஒபாமா காயமடைந்ததாக ஒரே ஒரு பதிவு போட்டார்கள். சில நிமிடங்களில் அமெரிக்காவின் டௌ பங்குக் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் விழுந்து, பிறகு எழுந்தது. ஆனால் ஏ.பி.க்கு 'கணக்கைத் திருடிவிட்டார்கள்' என்று சொல்ல முடிந்தது. எங்கள் கணக்கை யாரும் திருடவில்லை.

விளம்பரக்காரன்:
நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் 2013 சூப்பர் பௌல், அதாவது அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம், நடந்த இரவு ஒரு புராணக் கதை. மின்சாரம் போய் ஆட்டம் 34 நிமிடம் நின்றபோது, இருட்டிலும் பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடலாம் என்று ஓரியோ ஒரு படம் போட்டது. மறுநாள் எல்லோரும் ஆட்டத்தோடு அதையும் பேசினார்கள். அன்றிலிருந்து வருகிற வாடிக்கையாளர் எல்லாம் "நமக்கும் அந்த மாதிரி ஒண்ணு போடுங்க" என்றார்கள். அன்று முடிவெடுக்க வேண்டியவர்கள் ஒரே அறையில் கூடித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கம் நான் ஒருவன்தான், அதுவும் பஸ்ஸில் நின்றுகொண்டு.

டிரெண்டிங்கில் இருந்த ஒரு ஹேஷ்டேக்கைப் பார்த்து, கேட்க நன்றாக இருக்கிறதே என்று தள்ளுபடி ஜோக் ஒன்றை ஒட்டிவிட்டேன். அது ஒரு விபத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் ஹேஷ்டேக். முதல் பதில் இறந்தவரின் தங்கையிடமிருந்து வந்தது. "இதுல என்ன சிரிப்பு?" எட்டு நிமிடத்தில் அழித்தேன்.

2014-இல் டிஜோர்னோ பீட்சாக்காரர்களும் இதே பள்ளத்தில் விழுந்தார்கள். குடும்ப வன்முறையிலும் ஏன் விட்டுப் போகவில்லை என்று பெண்கள் மனம் திறந்து எழுதிய ஹேஷ்டேக்கில், பீட்சா இருந்ததால்தான் போகவில்லை என்று போட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்கள். இப்போது எந்த ஹேஷ்டேக்கையும் தொடுவதற்கு முன் அதில் இருபது பதிவாவது படிக்கிறேன். அதற்குள் டிரெண்டே முடிந்துவிடுகிறது. சரி, முடியட்டும்.

வெறும்பார்வையாளர்:
நான் தலைப்பை மட்டும் படித்துப் பகிர்கிற கோஷ்டி. 2020-இல் ட்விட்டர், "முதலில் கட்டுரையைப் படிக்கிறீர்களா?" என்ற தொனியில் ஒரு பெட்டியைக் காட்டத் தொடங்கியபோது சுள்ளென்று கோபம் வந்தது. வீம்புக்குத் திறந்து படித்தேன். தலைப்பை வைத்து நான் எழுதியிருந்ததற்கு நேர் எதிராக இருந்தது கட்டுரை.

நிலாஅப்பா:
மேலே எல்லோரும் பொய்யைப் பற்றிச் சொன்னீர்கள். என்னுடையது உண்மைச் செய்தி.

என் மகள் ஏழு வயதில் ஒரு நாள் காணாமல் போனாள். பதறிப்போய் அவள் படம், என் போன் எண், "இன்று காலை முதல் காணவில்லை, தயவுசெய்து பகிரவும்" என்று எழுதி அனுப்பினேன். தேதி போடத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? மாலையில் கிடைத்துவிட்டாள். தோழி வீட்டு மாடியில் தூங்கிப்போயிருந்தாள். கிடைத்துவிட்டாள் என்று எழுதினேன். அதைப் பகிர யாருக்கும் தோன்றவில்லை.

"இன்று காலை" என்பது படிக்கிறவருக்கு என்றைக்கும் இன்று காலைதான். வருடக்கணக்காக அழைப்பு வருகிறது. சிலர் அழுகிறார்கள். ஒரு பெண்மணி ரயில் நிலையத்தில் வேறொரு குழந்தையைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினார். எண்ணை மாற்றலாம். ஆனால் எடுத்து 'இருக்கிறாள்' என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாற்றாமலே இருக்கிறேன்.

வாட்ஸ்அப் 2019-இல் உலகம் முழுக்க ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்றது. அழைப்புகள் குறைந்தன, நிஜம். நிற்கவில்லை.

போன வாரம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஐயா, அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நல்லா இருக்கட்டும்பா. ஆனா, ஒண்ணொண்ணாத்தான் போச்சு, உக்காந்து முப்பது குழுவுக்கு அனுப்பிட்டேனே" என்றார்.