குடிநீர் ஆய்வுக்கான வினாப்பட்டியல்: எல்லாரும் "பரவாயில்ல" என்கிறார்கள், கேள்வியை எப்படித் திருத்துவது?

தாழை_மாணவி:

வணக்கம். சமூகப்பணி முதுகலை ஆய்வேடு. ராமநாதபுரம் மாவட்டத்தில் 3 ஊராட்சிகள், 240 வீடுகள். வீட்டுக்குக் குழாய் இணைப்பு வந்த பிறகு பெண்களின் தண்ணீர்ச் சுமை எப்படி இருக்கிறது என்பதுதான் தலைப்பு. என்னோடு இன்னும் இருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவோம். இப்போது 58 கேள்விகள் இருக்கின்றன. சிக்கலான ஐந்தை மட்டும் கீழே தருகிறேன்.

1. உங்கள் வீட்டுக்குத் தரமான, போதுமான குடிநீர் தினமும் கிடைக்கிறதா? (ஆம் / இல்லை)
2. குழாய் இணைப்பு வந்ததால் உங்கள் சிரமம் குறைந்துள்ளதா? (ஆம் / இல்லை)
3. கடந்த ஓராண்டில் தண்ணீர் எடுக்கச் சராசரியாக ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டீர்கள்? (½ மணிக்குக் கீழ் / ½–1 / 1–2 / 2 மணிக்கு மேல்)
4. தண்ணீர்ப் பற்றாக்குறையால் எனக்கு மன உளைச்சல் ஏற்படவில்லை. (முற்றிலும் உடன்படுகிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை 5 நிலை)
5. குடும்ப ஆண்டு வருமானம்? (1 லட்சத்துக்குக் கீழ் / 1–2.5 லட்சம் / 2.5 லட்சத்துக்கு மேல்)

சில வீடுகளில் கேட்டுப் பார்த்ததில் 1, 2-க்குப் "பரவாயில்ல" என்றே பதில் வருகிறது. 4-க்கு "ஆமா" என்கிறார்கள், எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியவில்லை. 5-ஐக் கேட்டதும் முகம் மாறுகிறது. எங்கே திருத்துவது?

களக்கணக்கு:

கேள்வியைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. ஆய்வேட்டில் வரப்போகும் அட்டவணைகளை எண் போடாமல் வெறும் கட்டங்களாக வரைந்துவிடுங்கள். பக்கவாட்டில் என்ன, மேலே என்ன என்று தலைப்பு மட்டும் எழுதினால் போதும். எந்த அட்டவணைக்கும் போய்ச் சேராத கேள்வியை அடித்துவிடலாம். 58-இல் பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். வாசலில் நின்று கேட்கும் ஆய்வுக்கு 30–35 கேள்வி, 25 நிமிடம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் அடுப்பில் உலை கொதிக்கிறது, பிள்ளை அழுகிறது என்று கடைசிப் பக்கத்தில் பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும்.

கேள்வி 1-க்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: தரம், அளவு, தினமும். தண்ணீர் தினமும் வருகிறது, ஆனால் கலங்கலாக வருகிறது என்றால் அவர் ஆம் சொல்வதா, இல்லை சொல்வதா? "பரவாயில்ல" பிறப்பது இந்த இடத்தில்தான். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் 'நன்றாகவே இருக்கிறது', 'சமாளித்துக்கொள்கிறோம்', 'விடுங்க, கேட்காதீங்க' என்று மூன்று பொருள் உண்டு. அதைப் பதிலாக எழுதிக்கொண்டு வந்தால் பகுப்பாய்வில் ஒன்றும் செய்ய முடியாது.

கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "குழாயில் கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது? அதற்கு முந்தி எப்போது? அன்றைக்கு எத்தனை குடம் பிடித்தீர்கள்?" வெறும் "நேற்று வந்ததா" என்று கேட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடும் ஊரில் பாதி வீடு இல்லை என்றுதான் சொல்லும். குடத்தை லிட்டராக்க ஊகம் வேண்டாம். ஒரு லிட்டர் குவளையைக் கையோடு கொண்டுபோய், அந்த ஊரில் புழங்கும் பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம் இரண்டையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடம் என்பதும் படிவத்தில் ஒரு கட்டமாக இருக்கட்டும். குடம் × லிட்டர், அதை வீட்டு ஆட்களின் எண்ணிக்கையாலும், அடுத்த முறை தண்ணீர் வரும்வரை உள்ள நாட்களாலும் வகுத்தால், ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டரோடு ஒப்பிடலாம். அந்த 55 என்பது குடிக்க மட்டும் இல்லை, வீட்டுப் புழக்கம் எல்லாம் சேர்ந்தது. அதனால் ஊருணி, போர், லாரி, கேன் என்று ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைத் தனித்தனி வரியில் வாங்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நல்ல தண்ணி கிடைக்குதா" என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் பக்கத்தில் நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத தண்ணீர், அதாவது தண்ணீரின் வகை. நீங்கள் தரத்தைக் கேட்டதாக நினைப்பீர்கள், அவர் காவிரித் தண்ணியா போர் தண்ணியா என்பதற்குப் பதில் சொல்லியிருப்பார். நிறம், வாடை, உப்புக்கரிப்பு, புழு என்று பிரித்துக் கேட்பதே வழி.

கேள்வி 3-இல் 'சராசரியாக' என்ற சொல் நீங்கள் போட வேண்டிய கணக்கை அவர் தலையில் கட்டுகிறது. 365 நாளைக் கூட்டி வகுத்து யாரும் வைத்திருப்பதில்லை. 2019-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை அரை மணி அரை மணியாகப் பிரித்துத்தான் கேட்டது. நீங்களும், அவர் கடைசியாகத் தண்ணீர் எடுக்கப் போன நாளை மட்டும் எடுத்துக்கொண்டு கேளுங்கள். போக எவ்வளவு நேரம், வரிசையில் எவ்வளவு, திரும்பி வர எவ்வளவு, அன்று எத்தனை நடை, யார் போனது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 'அடிப்படைச் சேவை' என்பதற்கு, வரிசையில் நிற்பதையும் சேர்த்துப் போய்வர 30 நிமிடம் என்று எல்லை வைத்திருக்கின்றன. இப்படிக் கேட்டால் அந்த எல்லையோடு நேராக ஒப்பிட முடியும்.

அங்கே தந்திருக்கும் நேரக் கட்டங்களையும் எடுத்துவிட்டு எண்ணாகவே எழுதுங்கள். நோர்பெர்ட் ஷ்வார்ஸ் குழுவினர் 1985-இல் வெளியிட்ட ஜெர்மானிய ஆய்வு ஒன்று உண்டு. தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்பது கேள்வி. ½ மணியில் தொடங்கும் கட்டங்களைப் பார்த்தவர்களில் 16.2% பேர்தான் 2½ மணிக்கு மேல் என்றார்கள். 2½ மணியில் தொடங்கும் கட்டங்களைப் பார்த்தவர்களிலோ 37.5%. நடுக்கட்டம்தான் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி மக்கள் தங்களை அதில் பொருத்திக்கொள்கிறார்கள். கட்டங்களை வரையும்போதே பாதிப் பதிலை நாம் எழுதிவிடுகிறோம்.

நெய்தல்:

மேலே சொன்னதோடு, மொழியில் உள்ள சிக்கலையும் பார்த்துவிடுங்கள் தங்கச்சி.

கேள்வி 4 தமிழில் நிற்காது. "தண்ணி வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்போம். எதிர்மறையை ஆமோதிப்பது நம் பேச்சு வழக்கம். "உளைச்சல் ஏற்படவில்லை" என்று படித்துக் காட்டி ஆமா கேட்டால் 'ஆமாம், இல்லை'யா, 'ஆமாம், இருக்கிறது'வா என்று சொன்னவருக்கே தெரியாது. எதிர்மறை வாக்கியங்களை முழுதாக நீக்குங்கள்.

"முற்றிலும் உடன்படுகிறேன்" எந்த வாசலிலும் பேசாத தமிழ். ஐந்து நிலையையும் வாயால் வாசித்தால் கடைசியில் கேட்டதுதான் காதில் நிற்கும், அதையே சொல்வார்கள். அளவுகோல் தேவைப்படும் இடத்தில் இரண்டு படியாகக் கேளுங்கள். முதலில் "திருப்தியா, திருப்தி இல்லையா?" பதில் வந்ததும் "ரொம்பவா, ஓரளவா?" நான்கு நிலை தெளிவாகக் கிடைக்கும். இரண்டும் இல்லை என்று அவராகச் சொன்னால் குறிக்க ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள், அதை வாசிக்காதீர்கள்.

மன உளைச்சலுக்குச் சொந்தமாக அளவுகோல் செய்ய வேண்டாம். வீட்டுத் தண்ணீர்ப் பாதுகாப்பின்மைக்கு 'ஹெச்வைஸ்' என்று 2019-இல் வந்த அளவுகோல் இருக்கிறது. 12 கேள்விகள், கடந்த 4 வாரம். தண்ணீரைப் பற்றிய கவலை, துணி துவைக்க முடியாமல் போனது, தாகத்தோடு படுத்தது என்று அனுபவமாகக் கேட்கும். பதிலும் எண்ணிக்கையில்தான்: ஒருதடவையும் இல்லை, 1–2 தடவை, 3–10 தடவை, அதற்கு மேல். 0 முதல் 36 வரை மதிப்பெண், 12 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பின்மை. இடையில் இரண்டு கேள்வியை விட்டுவிட்டு அதே 12-ஐ எல்லையாக வைக்கக் கூடாது. நேரமில்லை என்றால் நான்கே கேள்வி கொண்ட குறுவடிவம் தனியே உண்டு, அதன் எல்லை 4.

கேள்வி 2 பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிறது. 'வந்ததால்', 'குறைந்துள்ளதா' இரண்டும் சேர்ந்தால், அடையாள அட்டையோடு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சொல் மாறினால் விடை மாறும் என்பதற்கு 1941-இல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் காட்டிய சான்றே போதும். மக்களாட்சிக்கு எதிரான பேச்சை 'அனுமதிக்கலாமா' என்று கேட்டபோது 62% பேர் கூடாது என்றார்கள். 'தடை செய்ய வேண்டுமா' என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 46%தான். "இணைப்பு வருவதற்கு முன் எங்கிருந்து எடுத்தீர்கள்? யார் போனார்கள்? இப்போது எங்கிருந்து, யார்?" என்று இரண்டு காலத்தையும் தனித்தனியாக வாங்குங்கள். குறைந்ததா கூடியதா என்பதை நீங்கள் கணக்கிடுங்கள். முந்தைய கால நிமிடங்களைக் கேட்காதீர்கள், இடமும் ஆளும் நினைவிருக்கும், நிமிடம் இருக்காது.

இன்னொன்று முக்கியம். கேள்வியை எழுத்துத் தமிழில் அச்சிட்டு, களத்தில் மூவரும் அவரவர் பேச்சில் மாற்றிக் கேட்டால் அது மூன்று ஆய்வு. வாயால் எப்படிக் கேட்பீர்களோ அப்படியே அச்சில் இருக்கட்டும். "குழாய்ல கடைசியா எப்ப தண்ணி வந்துச்சு?" என்று ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போவதில் எந்தக் குறையும் இல்லை.

தாழை_மாணவி:

மிக்க நன்றி சார், நன்றி அக்கா. இரண்டு சந்தேகம். வழிகாட்டி 5 நிலை அளவுகோலும், முழு வினாப்பட்டியலுக்கும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேலும் வேண்டும் என்கிறார். வருமானக் கேள்வியையும் எடுக்கக் கூடாதாம்.

களக்கணக்கு:

ஆல்ஃபா என்பது ஒரே விஷயத்தை அளக்கும் பல கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்வது. ஹெச்வைஸின் 12 கேள்விக்கு அதைப் போடலாம், போடத்தான் வேண்டும். எத்தனை குடம், எத்தனை நடை, வீட்டில் எத்தனை பேர் என்பவற்றையெல்லாம் சேர்த்துப் போட்டால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. வழிகாட்டியிடம் "அளவுகோல் பகுதிக்கு ஆல்ஃபா, உண்மை விவரப் பகுதிக்கு முன்சோதனை" என்று பிரித்து எழுதிக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்வார்.

வருமானத்தில் சிக்கல் உங்கள் 2.5 லட்சக் கோட்டில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமான எல்லை அதே 2.5 லட்சம். நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட் என்பவையும் அதன் எல்லைகள். யார் கோட்டுக்கு மேலே என்று ஒப்புக்கொள்வார்? முகம் மாறுவதன் காரணம் இதுதான். தொகை கேட்பதை விட்டு, வீட்டின் கூரை, தரை, இருசக்கர வாகனம், குளிர்பதனப் பெட்டி, ஆடு மாடு என்று பார்த்தும் கேட்டும் குறியுங்கள். 240 வீடுகளை மூன்று அடுக்காகப் பிரிக்க அது போதும். வழிகாட்டி விடவில்லை என்றால் கடைசிப் பக்கத்தில், 2.5 லட்சம் எந்தக் கட்டத்துக்கும் விளிம்பாக வராதபடி வைத்து, "சொல்ல விருப்பமில்லை" என்பதற்கும் ஒரு கட்டம் கொடுங்கள். சாதிப் பிரிவுக் கேள்வியும் அந்தக் கடைசிப் பக்கத்துக்கே போகட்டும்.

'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை', 'பொருந்தாது' மூன்றுக்கும் வேறு வேறு குறியீடு. வெற்றிடமாக விட்டால் கேட்க மறந்ததா, அவர் சொல்லவில்லையா என்று பிறகு பிரிக்க வழியே கிடையாது.

நெய்தல்:

முன்சோதனையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் 6–8 பெண்களிடம் நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் "எதை நினைச்சு இதைச் சொன்னீங்க?" என்று கேளுங்கள். 'குடும்பம்' என்றதும் ஒருவர் சென்னையில் இருக்கும் மகனையும் எண்ணுவார், இன்னொருவர் அடுத்த அடுப்பில் சமைக்கும் மருமகளை விட்டுவிடுவார். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் என்று வரையறையைக் கேள்விக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது அப்போது புரியும். பிறகு, மாதிரியில் இல்லாத ஒரு ஊரில் 20–25 வீடு. எந்தக் கேள்வியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டியிருந்தது, எங்கே 'மற்றவை' நிறைகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். அந்த வீடுகளை 240-இல் சேர்க்காதீர்கள்.

தண்ணீர் விடும் நேரத்தில் போகாதீர்கள், யாரும் நின்று பேச மாட்டார்கள். பகலில் மட்டும் போனால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள், அவர்கள் வீட்டுக்கு மாலையில் மறுபடி போங்கள்.

தாழை_மாணவி:

மாற்றிய வடிவம், சரிதானா பாருங்கள்: "கடைசியா வெளிய போயி தண்ணி எடுத்தது என்னைக்கு? அன்னைக்கு எத்தனை நடை போனீங்க? ஒரு நடைக்குப் போக, நிக்க, வர எவ்வளவு நேரமாச்சு?" மொத்தக் குடம் = நடை × 1 என்று எடுக்கிறேன்.

களக்கணக்கு:

கேள்வி சரி, கணக்கு தவறு. உங்கள் ஊர்ப்பக்கம் தள்ளுவண்டியில் ஐந்தாறு குடம் ஏற்றி ஒரே நடையில் கொண்டுவருவார்கள். இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வருகிறவர்களும் உண்டு. "எதுல கொண்டு வந்தீங்க, ஒரு நடைக்கு எத்தனை குடம்?" என்று இரண்டு கட்டம் சேருங்கள். வண்டி தள்ளியது யார் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். வண்டி வந்த வீடுகளில் அந்த வேலை ஆண்கள் கைக்கோ பள்ளிப் பிள்ளைகள் கைக்கோ போயிருந்தால், பெண்களின் சுமை குறைந்தது குழாயாலா வண்டியாலா என்பதை அந்தக் கட்டத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும்.